எந்த பிரேக்கர் முதலில் விழ வேண்டும்: மின்பலகைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மின்பராமரிப்பைக் கையில் வைத்திருக்கும் பொறியாளர்களுக்கும், மேற்பார்வையாளர்களுக்கும், பேனல் நிறுவித் தரும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

ஒரு வளாகத்துக்குள் வரும் மின்சாரம் அடுக்கடுக்காக நிற்கும் பிரேக்கர்களைக் கடந்துதான் கடைசி விளக்கையும் மோட்டாரையும் எட்டுகிறது. 11 கேவி பக்கம் ரிலேயோடு கூடிய விசிபி, டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே ஏசிபி, அதற்கும் கீழே எம்சிசிபிகள், கடைசிப் படியில் எம்சிபிகள். பழுது எங்கே நேர்கிறதோ அதற்கு நேர்மேலே இருக்கும் பிரேக்கர் மட்டும் விழ வேண்டும். மற்றவை அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒன்று விழத் தவறினால் மட்டும், அடுத்த மேற்படியில் இருப்பது சிறிது பொறுத்து விழ வேண்டும். இந்த ஒழுங்கு தானாக வருவதில்லை. ஒவ்வொரு பிரேக்கரும் எத்தனை ஆம்பியரில், எத்தனை வினாடியில் இயங்க வேண்டும் என்று கீழிருந்து மேலாகக் கணக்கிட்டு வைத்தால்தான் வரும். அப்படிக் கணக்கிட்டு வைக்கும் வேலை உங்களுடையது.

அந்த வேலை நடக்காமலே பல இடங்களில் பேனலுக்குச் சப்ளை கொடுக்கப்பட்டுவிடுகிறது. வரைபடத்தில் பிரேக்கரின் ஆம்பியர் இருக்கிறது, உடைக்கும் திறன் இருக்கிறது, கேபிள் அளவு இருக்கிறது. செட்டிங் எழுத வேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது, அல்லது இடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளவும் என்ற ஒரு வரியோடு நிற்கிறது. இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோது டயல் எந்த எண்ணில் நின்றதோ அதே எண்ணில் பிரேக்கர் வேலைக்கு வருகிறது. பிறகு ஒரு நாள் அது காரணமில்லாமல் விழுந்ததாகத் தோன்றினால், டயலை மேலே ஏற்றிவிட்டு ஷிஃப்ட் முடிகிறது. ஏற்றியவர் அன்றைய உற்பத்தியைக் காப்பாற்றினார் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு திருப்பலில் மேலும் கீழும் உள்ள பிரேக்கர்களோடு அதற்கு இருந்த முறை கலைந்துவிட்டது. அதன் விளைவு பல மாதம் கழித்துத் தெரிகிறது. மருத்துவமனைச் சமையலறையில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி எரிந்ததற்கு இன்கமர் விழுந்து, ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும்வரை தீவிர சிகிச்சைப் பிரிவு பேட்டரியை நம்பி நிற்கிறது. நூற்பாலையில் ஒரு சிறு மோட்டாரின் டெர்மினலில் பொறி பறந்ததற்கு எல்லா ரிங் ஃபிரேம்களும் நின்று, திரும்ப ஓட்டும்போது வரிசை வரிசையாக நூல் அறுகிறது.

பிரேக்கருக்குள் இருக்கும் ட்ரிப் அமைப்பில் நான்கு பகுதிகள் வரை இருக்கலாம். முதலாவது ஓவர்லோடுக்கானது: கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறும் வேகத்தைப் பின்பற்றி, மின்னோட்டம் அதிகமானால் விரைவாகவும் கொஞ்சமே மிகுந்தால் மெதுவாகவும் விழும். இரண்டாவது குறுகிய தாமதம் கொண்ட ஷார்ட் சர்க்யூட் பகுதி: ஓர் அளவைத் தாண்டிய மின்னோட்டத்தைக் கண்டதும் 0.1, 0.2, 0.3 வினாடி என்று வைத்த நேரம்வரை பொறுத்து விழும். மூன்றாவது உடனடிப் பகுதி: பொறுப்பதே இல்லை. நான்காவது எர்த் ஃபால்ட் பகுதி. ஏசிபிகளிலும் எலக்ட்ரானிக் ட்ரிப் கொண்ட எம்சிசிபிகளிலும் இந்த நான்கும் கிடைக்கும். சாதாரண தெர்மல் மேக்னடிக் எம்சிசிபியில் முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே. எம்சிபியில் அவையும் மாற்ற முடியாதபடி வைக்கப்பட்டவை. ஐஇசி 60898 தரப்படி பி வகை 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும் உடனே விழும்.

ஓவர்லோடு எண்களை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆபத்தான திருத்தங்கள் நடக்கின்றன. 63 ஆம்பியர் வரையிலான எம்சிபி, தன் அளவின் 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஏசி ஒன்று 16 ஆம்பியர் சி வகை எம்சிபியை அடிக்கடி விழச்செய்கிறது என்பதற்காக அங்கே 32 ஆம்பியர் எம்சிபியைப் போட்டுவிட்டால், அந்த 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 46 ஆம்பியரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுமக்க நேரலாம். சுவருக்குள் இருக்கும் குழாயில் காப்புறை உருகுவதை யாரும் பார்க்க மாட்டார்கள். விழுந்தது தொடக்க மின்னோட்டத்தாலா, உண்மையான சுமையாலா என்று அளந்து பார்க்க வேண்டும். தொடக்க மின்னோட்டம்தான் காரணம் என்றால், அதே 16 ஆம்பியரில் டி வகையைப் போடுவது சரியான மருந்து. அதற்கும் முன்னால், வயர் நீளத்துக்கு டி வகை ஷார்ட்டில் நேரத்துக்குள் விழுமா என்று சரிபார்க்க வேண்டும்.

இனி ஒரு சாதாரண வளாகத்தின் கணக்கு. 11 கேவி சப்ளை, 433 வோல்ட் பக்கத்துக்கு இறக்கும் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். முழுச்சுமையில் எச்டி பக்கம் 26 ஆம்பியர், எல்டி பக்கம் 667 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்றால், எல்டி டெர்மினலில் மூன்று ஃபேஸும் ஒட்டிக்கொள்ளும் பழுதில் அதிகபட்சம் 14,800 ஆம்பியர் பாயும். மின்வாரியத்தின் பக்க இம்பீடன்ஸையும் சேர்த்தால் சற்றுக் குறையும். அதே பழுது எச்டி பக்கத்தில் 583 ஆம்பியராகத் தெரியும். இந்தச் சில எண்கள் கையில் இருந்தால் மீதிக் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டுவிடலாம். ஆனாலும் பல வளாகங்களில் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் இருக்கும் இம்பீடன்ஸ் எண்ணை யாரும் குறித்துக்கூட வைத்திருப்பதில்லை.

கீழிருந்து தொடங்க வேண்டும். இந்த வளாகத்தின் மிகப் பெரிய வெளிச்செல்லும் ஃபீடர் 400 ஆம்பியர் எம்சிசிபி என்று வைத்துக்கொண்டால், அதன் உடனடி அளவை 6 மடங்கில், அதாவது 2,400 ஆம்பியரில் வைக்கலாம். மேக்னடிக் ட்ரிப்புக்கு 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பதால் அது 2,880 ஆம்பியர் வரை விழாமலும் இருக்கக்கூடும். மேலே இருக்கும் 800 ஆம்பியர் ஏசிபியின் ஓவர்லோடு அளவை 0.85இல், அதாவது 680 ஆம்பியரில் வைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் காக்கப்படும். அதன் குறுகிய தாமத அளவை அந்த 680இன் 5 மடங்கில், 3,400 ஆம்பியரில் வைத்தால், 10 சதவீதம் குறைந்தாலும் 3,060; எம்சிசிபியின் மேல் எல்லைக்கு அப்பால் நிற்கும். தாமதம் 0.2 வினாடி. எம்சிசிபி ஒரு ஷார்ட்டை அரைச் சைக்கிளிலிருந்து இரண்டு சைக்கிளுக்குள் அறுத்துவிடும் என்பதால் அந்த 0.2 வினாடி போதும். கடைசியாக, ஏசிபியின் உடனடிப் பகுதியை அணைத்துவிட வேண்டும், அல்லது எட்ட முடியாத உயரத்தில் வைக்க வேண்டும். இது விட்டுப்போனால் மேலே சொன்ன எல்லாக் கணக்கும் வீண்: எம்சிசிபிக்குக் கீழே 10,000 ஆம்பியர் ஷார்ட் வந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். உடனடிப் பகுதியை அணைக்கும் முன், அந்த ஏசிபிக்கும் பஸ்பாருக்கும் அந்த மின்னோட்டத்தை அத்தனை நேரம் தாங்கும் திறன் இருக்கிறதா என்று பெயர்ப்பலகையில் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

அடுத்த படி எச்டி ரிலே. இங்கே நேரத்தைத் தருவது ஐஇசியின் சாதாரண இன்வர்ஸ் வளைகோடு: ரிலேயின் தொடக்க அளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டம் பாய்கிறதோ அந்த எண்ணை 0.02 அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து ஒன்றைக் கழித்து, 0.14ஐ அதனால் வகுத்து, டைம் மல்டிப்ளையரால் பெருக்க வேண்டும். தொடக்க அளவு 33 ஆம்பியர் என்றால், எல்டி பக்க ஷார்ட்டில் தெரியும் 583 ஆம்பியர் ஏறக்குறைய 17.7 மடங்கு. டைம் மல்டிப்ளையர் 0.1இல் இருந்தால் ரிலே 0.24 வினாடியில் இயங்கும். ஏசிபி 0.2 வினாடி பொறுத்து, பிறகு கான்டாக்ட்டைத் திறந்து, மின்வில்லை (ஆர்க்) அணைத்து முடிப்பதற்குள் எச்டி பிரேக்கருக்கும் உத்தரவு போய்விடும். அதே டயலை 0.25இல் வைத்தால் 0.59 வினாடி. ஏசிபியின் 0.2 வினாடிக்கும் இதற்கும் நடுவே 0.39 வினாடி கிடைக்கிறது. பிரேக்கர் திறக்கும் நேரம், ரிலேயின் பிழை, சிடியின் பிழை, கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி எல்லாம் சேர்த்து 0.3 முதல் 0.4 வினாடி விடுவது வழக்கம் என்பதால் இது சரியான இடம். எம்சிசிபிக்கும் ஏசிபிக்கும் நடுவே இவ்வளவு தேவைப்படாததற்குக் காரணம், அங்கே தனியான சிடியும் ரிலேயும் இல்லை என்பதே.

எச்டி ரிலேயின் உடனடிப் பகுதிக்கு வேறு வேலை. அது எல்டி பழுதைப் பார்க்கவே கூடாது. எச்டி கேபிளிலோ டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றிலோ வரும் பழுதை மட்டும் பார்த்து உடனே விழ வேண்டும். எனவே 583ஐ விட முப்பது சதவீதம் மேலே, ஏறக்குறைய 760 ஆம்பியரில் வைப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குச் சப்ளை கொடுக்கும் கணத்தில் பாயும் காந்தமேற்ற மின்னோட்டம் முழுச்சுமையின் 8 முதல் 12 மடங்கு வரை போகலாம். இங்கே அது 315 ஆம்பியருக்குள் அடங்குவதால் இடைஞ்சல் இல்லை. இந்தப் பகுதியை ட்ரிப் தொல்லை வேண்டாம் என்று அணைத்துவைக்கும் வளாகங்களில், உள்ளே வெடிக்கும் எச்டி கேபிள் டெர்மினேஷனை அறுக்க வேண்டிய பொறுப்பு மின்வாரியத் துணைமின்நிலையத்தின் ஃபீடர் பிரேக்கருக்குப் போய்விடுகிறது. அந்த ஃபீடரில் உங்கள் வளாகம் மட்டும் இல்லை. அதே லைனில் தொங்கும் பக்கத்துத் தொழிற்கூடங்களும் வீடுகளும் சேர்ந்து இருளும்.

டெல்டா ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு நன்மையும் ஒரு பொறியும் வைத்திருக்கிறது. எல்டி பக்கத்து எர்த் ஃபால்ட்டின் பூஜ்ய வரிசை மின்னோட்டம் டெல்டாவைத் தாண்டி எச்டி லைனுக்கு வராது. ஆகவே எச்டி எர்த் ஃபால்ட் ரிலே, கீழே உள்ள எதோடும் ஒருங்கிணைய வேண்டியதில்லை. குறைந்த அளவிலும் குறைந்த நேரத்திலும் வைக்கலாம். பொறி இது: எல்டியில் ஒரு ஃபேஸ் எர்த் ஆனால் எச்டி ஓவர்கரன்ட் ரிலேக்கு அது 58 சதவீத அளவிலேயே தெரியும். எச்டி ரிலே பார்த்துக்கொள்ளும் என்று எல்டி எர்த் ஃபால்ட் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது. எல்டியில் இரண்டு ஃபேஸ்கள் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு: ஏசிபி மூன்று ஃபேஸ் அளவில் 87 சதவீதத்தையே பார்க்க, எச்டியில் ஒரு ஃபேஸ் முழு அளவைப் பார்க்கும். இடைவெளியைக் கணக்கிடும்போது இதற்கும் இடம் விட வேண்டும்.

வளாகம் முழுவதும் இருளும் சம்பவங்களில் மிகப் பரவலான ஒன்று எர்த் ஃபால்ட்டில்தான் பிறக்கிறது, அதுவும் செட்டிங்கால். ஏசிபியில் எர்த் ஃபால்ட் அளவு 20 சதவீதம், அதாவது 160 ஆம்பியர், தாமதம் 0.1 வினாடி என்று இருக்கிறது. கீழே உள்ள எம்சிசிபிகள் சாதாரண தெர்மல் மேக்னடிக். அவற்றுக்கு எர்த் ஃபால்ட் தனியாகத் தெரியாது. ஒரு பம்ப் மோட்டாரின் வைண்டிங் உடலோடு ஒட்டி 500 ஆம்பியர் தரைக்குப் பாய்கிறது. எம்சிசிபிக்கு அந்த 500 ஆம்பியர் வெறும் ஓவர்லோடு. பல வினாடி காத்திருக்கும். ஏசிபி 0.1 வினாடியில் விழுகிறது. எல்லா ஃபீடரும் போகின்றன, பழுது எங்கே என்று தெரியவும் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தேடுகிறார்கள். அதன் பிறகு என்ன செய்யப்படுகிறது என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்: ஏசிபியின் எர்த் ஃபால்ட் அணைக்கப்படுகிறது. தீவிபத்தைத் தடுக்கும் கடைசிக் காவல் அத்தோடு போகிறது. இங்கே தவறு ஏசிபியில் இல்லை. கீழே எர்த் ஃபால்ட்டைப் பார்க்க ஆளில்லை என்பதே குறை. பெரிய ஃபீடர்களுக்கு எர்த் ஃபால்ட் உள்ள எலக்ட்ரானிக் எம்சிசிபியோ, கோர் பேலன்ஸ் சிடியோடு இஎல்ஆரும் ஷன்ட் ட்ரிப்பும் சேர்ந்த ஏற்பாடோ வைத்து, ஏசிபியின் தாமதத்தை 0.3 அல்லது 0.4 வினாடிக்கு ஏற்றினால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும். செலவு உண்டு. ஒரு முழு ஷட்டவுனின் இழப்போடு அந்தச் செலவை வைத்துப் பார்க்கும்படி நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

குடியிருப்புகளில் இதே சிக்கல் ஆர்சிசிபி வடிவில் வருகிறது. மெயினில் ஒரு 30 மில்லி ஆம்பியர், உள்ளே இன்னொரு 30 மில்லி ஆம்பியர் என்று வரிசையாக வைத்தால் எது முதலில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீசரில் கசிவு வந்தால் நள்ளிரவில் வீடு முழுவதும் போகும். மேலே இருப்பது குறைந்தது மூன்று மடங்கு அளவுள்ளதாகவும், தாமதம் கொண்ட எஸ் வகையாகவும் இருக்க வேண்டும். உள்ளே 30, மெயினில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் எஸ் வகை. சாதாரண வகை தன் அளவில் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும். எஸ் வகை அதே அளவில் 0.13 வினாடியாவது பொறுத்து, 0.5 வினாடிக்குள் விழும். உயிர் காக்கும் 30 மில்லி ஆம்பியர் கடைசிச் சுற்றில் இருந்தே தீர வேண்டும். மேலே 300 இருக்கிறது என்று அதை நீக்குவது மன்னிக்க முடியாத தவறு.

எம்சிபிக்கும் எம்சிசிபிக்கும் நடுவே வளைகோடுகளை மட்டும் நம்ப முடியாது. இரண்டுமே உடனடிப் பகுதியில் விழும் அளவுக்குப் பழுது பெரிதானால், நேரத்தைக் கொண்டு பிரிக்க வழியில்லை. எம்சிபி அறுக்கும் முன் கடந்துபோகும் ஆற்றல், எம்சிசிபியைத் திறக்கவைக்கப் போதுமா போதாதா என்பதே தீர்மானிக்கிறது. அதைத் தயாரிப்பாளர் சோதித்து அட்டவணையாகத் தருகிறார்: இந்த எம்சிசிபிக்குக் கீழே இந்த எம்சிபி, இத்தனை கிலோ ஆம்பியர் வரை தனியே விழும் என்று. அட்டவணை அதே நிறுவனத்தின் அதே ரகங்களுக்குத்தான் பொருந்தும். பழுதான எம்சிபிக்குப் பதில் கடையில் கிடைத்த வேறு நிறுவனத்து எம்சிபியை மாட்டினால், அளவு ஒன்றாகவே இருந்தாலும் அந்த உறுதி போய்விடும். இன்னொரு அட்டவணையும் உண்டு. உடைக்கும் திறன் குறைந்த எம்சிபிக்கு மேலிருக்கும் எம்சிசிபி துணை நிற்கும் என்பதைச் சொல்வது அது. அந்தத் துணையில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே விழும். அதைக் காட்டி ஒருங்கிணைப்பு இருக்கிறது என்று சொல்லும் விலைப்புள்ளிகளை நீங்கள் ஏற்கக் கூடாது.

ஜெனரேட்டரில் ஓடும்போது மேலே போட்ட கணக்கு பாதி பொய்யாகிவிடும். 250 கேவிஏ ஜெனரேட்டரின் முழுச்சுமை 415 வோல்ட்டில் 348 ஆம்பியர். ஷார்ட் வந்த முதல் சில சைக்கிள்களில் 6 முதல் 8 மடங்கு பாயலாம். பிறகு வேகமாகத் தேய்ந்து, எக்ஸைட்டேஷனுக்குத் தனித் துணை இருந்தால் 3 மடங்கில், ஏறக்குறைய 1,040 ஆம்பியரில் நிற்கும். துணை இல்லாவிட்டால் முழுச்சுமைக்கும் கீழே போய்விடும். 2,400 ஆம்பியரில் வைத்த அந்த எம்சிசிபி, கேபிள் முனையில் வரும் ஷார்ட்டை இப்போது பார்க்கவே பார்க்காது. மின்னழுத்தம் சரிந்து, கான்டாக்டர்கள் எல்லாம் விட்டு, கடைசியில் ஜெனரேட்டரே நிற்கும். யுபிஎஸ் பேட்டரியில் இருக்கும்போது நிலைமை இன்னும் இறுக்கம், ஏனென்றால் இன்வர்ட்டர் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும். கூரைச் சூரிய மின்னமைப்பின் இன்வர்ட்டரும் தன் அளவைவிடச் சற்றே கூடுதலாகத்தான் தரும். மருத்துவமனையில் பொறுப்பில் இருப்பவர்கள் அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை, டயாலிசிஸ் ஃபீடர்களின் செட்டிங்கை ஜெனரேட்டரின் குறைந்த மின்னோட்டத்திலும் விழுமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். யுபிஎஸ் வெளியீட்டில் பி வகை எம்சிபிகளைப் போடுவது, பெரிய ஃபீடர்களில் எலக்ட்ரானிக் ட்ரிப்பை வைத்து உடனடி அளவைத் தாழ்த்துவது, தேவைப்பட்டால் ஈபிக்கு ஒன்றும் ஜெனரேட்டருக்கு ஒன்றுமாக இரண்டு செட்டிங் குழு வைத்திருக்கும் ட்ரிப் யூனிட்டைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை இதற்கு வழிகள்.

தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று இதுவரை சொன்னதிலிருந்து எண்ணிவிடக் கூடாது. பேனலுக்குள் வில் மூளும்போது வெளிப்படும் ஆற்றல் நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. 0.05 வினாடியில் அறுபட வேண்டியது 0.3 வினாடி எரிந்தால், பேனலுக்கு முன்னால் நிற்பவர் மீது பாயும் வெப்பம் ஆறு மடங்கு. வில்லின் தடையால் அந்த மின்னோட்டம் கணக்கிட்ட ஷார்ட்டைவிடக் குறைவாகவும் இருக்கும். குறுகிய தாமத அளவை மிக உயரத்தில் வைத்திருந்தால் ஏசிபி அதை ஓவர்லோடாக எண்ணிப் பல வினாடி பொறுக்கும். பேனல் முன் நிற்பது உங்கள் எலக்ட்ரீஷியன். எனவே தாமதம் தேவையான அளவுக்கு மேல் ஒரு படிகூட இருக்கக் கூடாது. பெரிய பேனல்களில் ஏசிபிகளை ஒன்றோடொன்று சிக்னல் வயரால் இணைக்கும் வசதி உண்டு: கீழிருப்பது பழுதைப் பார்த்தால் மேலிருப்பதைப் பொறுக்கச் சொல்லும், கீழே யாரும் பார்க்கவில்லை என்றால், பழுது பஸ்பாரில்தான் என்று மேலிருப்பது தாமதமின்றி விழும். சப்ளையோடு பேனலைத் திறக்க நேரும்போது உடனடிப் பகுதியைத் தாழ்த்திவைக்கும் பராமரிப்பு ஸ்விட்ச்சும் பல ட்ரிப் யூனிட்டுகளில் கிடைக்கிறது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 1,200 ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள பிரேக்கர்களுக்கு இவை போன்ற ஏதாவது ஒரு வழியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே வாங்கும்போது அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஒருமுறை சரியாக வைத்த செட்டிங்கும் காலப்போக்கில் தவறாகிவிடும் என்பதற்கு உலகம் பார்த்த பெரிய சாட்சி, 1965 நவம்பர் 9 மாலை வட அமெரிக்காவில் நேர்ந்த மின்தடை. கனடாவின் ஒன்டாரியோவில் சர் ஆடம் பெக் நீர்மின்நிலையத்திலிருந்து வடக்கே போன ஐந்து 230 கேவி லைன்களில் ஒன்றை ஒரு பேக்அப் ரிலே அறுத்தது. லைனில் பழுது எதுவும் இல்லை. 1963இல் ரிலேயை 375 மெகாவாட்டுக்கு வைத்திருந்தார்கள். அன்றைய சுமைக்கு அது போதும். இரண்டு ஆண்டில் சுமை வளர்ந்து அந்த எண்ணை எட்டிவிட்டது. ரிலே எந்த அளவில் இயங்கும் என்பது லைனை இயக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்று போனதும் மீதி நான்கின் மீது சுமை ஏற, அவையும் சில வினாடிகளில் விழுந்தன. நியூயார்க் உட்பட ஏறக்குறைய 3 கோடிப் பேர் இருளில் ஆழ்ந்தார்கள். ரிலே தனக்குச் சொல்லிவைத்ததைச் சரியாகச் செய்தது.

இந்தியாவிலும் 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களின் மின்தடை இதே இயல்புடைய ஒன்றில் தொடங்கியது. பீனா–குவாலியர் 400 கேவி லைன், பழுது எதுவும் இல்லாத நிலையில், மிகுந்த சுமையைத் தொலைதூரப் பழுதாக (ரிலேயின் மூன்றாம் மண்டலத்தில் விழுவதாக) ரிலே எடுத்துக்கொண்டதால் அறுபட்டது. முதல் நாள் வடக்கு மின்தொகுப்பில் ஏறக்குறைய 36,000 மெகாவாட், மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளில் 48,000 மெகாவாட் சுமை போனது. லைன்கள் முன்பே அளவுக்கு மீறிச் சுமந்திருந்ததும் அதற்குக் காரணம்தான். அப்போது தெற்கு மின்தொகுப்பு மற்றவற்றோடு ஒத்தியங்காமல் தனித்து நின்றதால் தமிழ்நாடு தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியே தெற்கும் இணைந்துவிட்டது.

உங்கள் வளாகத்திலும் சுமை இப்படியே வளர்கிறது. புதிய கம்ப்ரஸர் வருகிறது, ஒரு தளம் கூடுகிறது, வாகனங்களுக்கு சார்ஜர்கள் வருகின்றன, 500 கேவிஏ இருந்த இடத்தில் 1,000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் அமர்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பெரிதானதும் எல்டி ஷார்ட் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. பழைய எம்சிசிபிகளின் உடைக்கும் திறனே போதாமல் போகலாம். பழைய மோட்டாருக்குப் பதில் ஐஇ3 ரக மோட்டார் வந்தால் தொடக்க மின்னோட்டம் கூடி, சரியாக இருந்த உடனடி அளவு காரணமில்லாமல் விழுவது போலத் தோன்றும். இந்த மாற்றங்களுக்கெல்லாம் கொள்முதல் ஆணை இருக்கிறது, மின் ஆய்வாளரின் ஒப்புதல் இருக்கிறது. செட்டிங் அட்டவணையை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த ஆண்டுப் பராமரிப்பு ஷட்டவுனுக்கு முன்பாக, உங்கள் வளாகத்தின் எல்லாப் பிரேக்கர்களிலும் ரிலேக்களிலும் இப்போது இருக்கும் செட்டிங்கை, இருக்கிறபடியே, பேனல் பேனலாக எழுதி எடுங்கள். அணைத்துவைக்கப்பட்டவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், யுபிஎஸ் பெயர்ப்பலகை விவரங்களையும் கேபிள் நீளங்களையும் அதோடு சேருங்கள். உங்கள் இணைப்பு முனையில் பழுது மின்னோட்ட அளவையும், ஃபீடர் ரிலேயின் செட்டிங்கையும் மின்வாரியப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இவற்றை வைத்து ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் தனித்தனியே, எல்லா வளைகோடுகளும் ஒரே தாளில் விழும்படி ஒருங்கிணைப்பு ஆய்வு ஒன்றைத் தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு செய்து வாங்குங்கள். எந்த இரண்டு பிரேக்கர்கள் எந்த மின்னோட்டத்துக்கு மேல் பிரியாமல் சேர்ந்து விழும் என்பது அந்த அறிக்கையில் ஒளிவில்லாமல் இருக்க வேண்டும். முழுமையாகப் பிரிக்க முடியாத இடங்கள் எப்போதும் சில இருக்கும். ஷட்டவுன் நாளில் புதிய எண்களை வைத்து, ரிலேக்களையும் ஏசிபி ட்ரிப் யூனிட்டுகளையும் மின்னோட்டம் செலுத்திச் சோதித்து, டயல்களுக்கு சீல் வையுங்கள்.

செட்டிங் அட்டவணையின் ஒரு பிரதி, தேதியோடும் கையொப்பத்தோடும், அந்தந்தப் பேனலின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டப்பட வேண்டும். இரவு ஷிஃப்டில் பிரேக்கர் விழுந்தால், முதலில் ட்ரிப் யூனிட் காட்டும் காரணத்தைக் குறித்துக்கொண்டு பிறகே மீட்டெடுக்க வேண்டும் என்றும், டயலைத் தொடுவது என்றால் யாருடைய எழுத்து அனுமதி வேண்டும் என்றும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்ததாரர்களுக்குத் தனியாக ஒன்று: செட்டிங் கட்டம் வெறுமையாக இருக்கும் வரைபடத்துக்குச் சப்ளை கொடுக்க மறுத்துவிடுங்கள். ஆய்வுக்கு ஆகும் தொகையை விலைப்புள்ளியில் தனி வரியாகக் காட்டுங்கள். வாடிக்கையாளர் அதை அடித்துவிட்டால், அடித்தது அவர் என்பதற்குக் கையொப்பம் வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரோ ஜெனரேட்டரோ பெரிய ஃபீடரோ மாறும் ஒவ்வொரு முறையும், எதுவும் மாறாவிட்டாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், இந்தக் கணக்கை மறுபடி போடும்படி பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்.